சானடோரியத்துக் காற்றும் சென்னைக் கிருமியும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்ரயில் குரோம்பேட்டையைக் கடந்ததும் ஒரு நிலையத்தில் நிற்கும். பெயர்ப்பலகையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றிருக்கும். பேச்சு வழக்கில் வெறும் சானடோரியம். அங்கே வீடு பார்க்கிறார்கள். ஏற்றுமதி மண்டலத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்தச் சொல்லின் பொருளைக் கேட்கவேண்டிய தேவை யாருக்கும் வருவதில்லை. ஆனால் அதே நடைமேடையில், பெரிய உறை ஒன்றில் எக்ஸ்ரே படத்தை மார்போடு அணைத்தபடி, நாலடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கிப் போகிறவர்களையும் பார்க்கலாம். அந்த ஊர்ப்பெயரின் பொருளை அறிந்தவர்கள் அவர்கள்தாம்.

காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில், நோயாளியை ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் திறந்த காற்றிலும் வெயிலிலும் கிடத்தி, பாலும் முட்டையும் கொடுத்து, உடல் தானாகத் தேறுகிறதா என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்த இடத்துக்குப் பெயர் சானடோரியம். தாம்பரத்துக்கு அருகே பச்சைமலையின் பக்கத்தில் சுமார் 250 ஏக்கர் நிலத்தில் அப்படியோர் இடத்தை 1928-இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து. தொடங்கும்போது அங்கிருந்தவை 12 படுக்கைகள். அதற்கு முன் அவர் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், மெண்டிப் குன்றுகளில், பல ஆண்டுகள் ஒரு சானடோரியத்தை நடத்திவந்தார். கணிதமேதை ராமானுஜன் 1917-இல் சிறிதுகாலம் அங்கே நோயாளியாக இருந்தார் என்பது வாசகர் சிலருக்கு நினைவிருக்கலாம். 1937-இல் தாம்பரத்து நிறுவனம் அரசின் கைக்கு வந்தது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பல மருத்துவமனைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பியபோது அவர்களை ஏற்றுக்கொண்ட இடமும் அதுதான். 2004 ஏப்ரலில் நாட்டில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை முதலில் தொடங்கப்பட்ட எட்டு மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று.

சானடோரியக் காலத்து மருத்துவர்களுக்குக் கிருமி தெரியாமல் இல்லை. ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்றே காசநோய்க் கிருமியை அடையாளம் காட்டிவிட்டார். ஆனால் தெரிந்த கிருமியை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆகவே கிருமியை விட்டுவிட்டு, அது தங்கும் உடலைக் கவனித்தார்கள். கிருமி எல்லா ஊரிலும் ஒன்றுதான், காற்றும் உணவும் உடலும்தான் வேறு என்ற எண்ணம் அப்படியே நிலைத்துவிட்டது. இந்த எண்ணம் எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள். அந்த மாற்றத்தின் பெரும்பகுதி தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்துக்குள் நடந்தது.

*

முதலில் வேறொரு சானடோரியத்துக்குப் போகவேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், சாரனாக் ஏரிக்கரையில், டாக்டர் எட்வர்ட் ட்ரூடோ நடத்திய சானடோரியம் உலகப் புகழ்பெற்றது. அங்கே 1905-இல் எட்வர்ட் பால்ட்வின் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் சளியிலிருந்து காசநோய்க் கிருமியைப் பிரித்து வளர்த்தார். அதற்கு இடப்பட்ட அடையாளம் ‘ஹெச்37’. நோயாளி போனபின்னும் கிருமி குப்பியிலிருந்து குப்பிக்கு மாறி வாழ்ந்தது. 1930-களில் அதிலிருந்து வீரியம் குறையாத கிளையொன்று பிரிக்கப்பட்டது. ‘ஹெச்37ஆர்வி’ என்ற பெயரில் அது உலகின் ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் சென்றது. காசநோய்க் கிருமி என்றாலே அது என்றாகிவிட்டது. இந்தக் குப்பியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது நமக்கு வேண்டியிருக்கும்.

ட்ரூடோ சானடோரியம் 1954-இல் மூடப்பட்டது. மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் ஏழை நாடுகளின் முன் ஒரு கேள்வி நின்றது. மருந்து இருந்தாலும் நோயாளியைப் படுக்கவைக்கச் சானடோரியம் வேண்டாமா? லட்சக்கணக்கான நோயாளிகள் இருக்கும் இந்தியா அத்தனை படுக்கைகளுக்கு எங்கே போகும்?

இதற்கு விடை காண 1956-இல் சென்னையில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. பின்னாளில் காசநோய் ஆராய்ச்சி மையம் என்று அறியப்பட்ட, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சேத்துப்பட்டில் இயங்கும் நிறுவனம் அதுவே. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெற்றார்கள். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். 1959-இல் முடிவு வெளியானது. குணமடைந்தோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவதற்குச் சென்னையின் குடிசைகளில் நடந்த இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

*

அதே நோயாளிகளின் சளியிலிருந்து இன்னொரு கதை கிளைத்தது. இது அவ்வளவாகப் பேசப்படாதது.

சென்னை நோயாளிகளிடமிருந்து வளர்த்தெடுத்த கிருமிகளையும் பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளையும் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காசநோய்க் கிருமி கினிப்பன்றியைக் கொல்லும் என்பது காக் காலத்திலிருந்து பாடநூல் விதி. பிரிட்டிஷ் கிருமிகள் விதிப்படி நடந்துகொண்டன. சென்னைக் கிருமிகளில் சில அவற்றைப் போலவே இருந்தன. ஆனால் பல கினிப்பன்றியிடம் அடங்கியே இருந்தன. டெனிஸ் மிட்சிசனும், அவருடன் பாட்டியா, சுப்பையா முதலானோரும் 1960-இல் இதை எழுதினார்கள். அதே ஆண்டு இன்னொன்றும் தெரியவந்தது. தென்னிந்தியக் கிருமிகள் ஹைட்ரஜன் பெராக்ஸைடுக்கு எளிதில் மடிந்தன. நம் உடலின் காவல் அணுக்கள் கிருமியை விழுங்கியபின் அதன்மேல் ஏவும் ஆயுதங்களில் அந்த வேதிப்பொருளும் ஒன்று. ஐசோனியாஸிட் மருந்தை எதிர்க்கக் கற்ற கிருமிகள் பெராக்ஸைடைத் தாங்குவதில்லை என்பது முன்பே தெரிந்திருந்தது. இங்கேயோ எந்த மருந்தையும் எதிர்க்காத சாதாரணக் கிருமிகளே அப்படி இருந்தன.

விளக்கம் யாரிடமும் இல்லை. கினிப்பன்றியிடம் சாதுவாக இருந்த கிருமி மனிதரிடம் அப்படி இருக்கவுமில்லை. அதே கிருமியைச் சுமந்தவர்கள் நுரையீரலில் பெரும் பொத்தல்களோடுதான் மையத்தின் வாசலுக்கு வந்தார்கள். எனவே ‘தென்னிந்திய வகை’ என்பது அறிவியலின் ஓரத்தில் ஒரு வேடிக்கைக் குறிப்பாக நின்றது.

அது வேடிக்கையில்லை என்ற ஐயம் சில ஆண்டுகளில் எழுந்தது. தாம்பரத்தையும் உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியில், 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசியின் மாபெரும் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இடம்பெற்றார்கள். பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளை நன்றாகக் காத்த ஊசி அது. ஏழரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுத்ததாகத் தெரியவில்லை. 1999-இல் வெளியான 15 ஆண்டு அறிக்கையும் அதையே உறுதி செய்தது. (கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடும் காசநோயிலிருந்து அது காப்பாற்றுவதால் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது.) ஏன் தடுக்கவில்லை என்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பல. இங்குள்ள மண்ணிலும் நீரிலும் வாழும் சாதுவான உறவுக் கிருமிகள் நம் உடலை முன்பே பழக்கிவிட்டன என்பது ஒன்று. தென்னிந்தியக் கிருமியே வேறு என்பது மற்றொன்று. விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆனால் ஓரிடத்தில் வென்றது இன்னோரிடத்தில் தோற்கும் என்ற பாடத்தை உலகம் செங்கல்பட்டில் படித்தது.

*

1995-இல் உயிரியலில் ஒரு வாசல் திறந்தது. தனித்து வாழும் உயிரொன்றின் மரபணுத்தொகை முதன்முறையாக முழுமையாக வாசிக்கப்பட்டது. அந்த உயிர் ‘ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே’ என்னும் பாக்டீரியா. 18 லட்சத்து 30 ஆயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு நூல் என்று அதைச் சொல்லலாம். 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் இதைத்தான் ஃப்ளூ காய்ச்சலின் காரணி என்று தவறாக எண்ணினார். காரணி வைரஸ் என்று பின்னர் தெரிந்தும் பெயர் மாறவில்லை. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்குச் சளியும் இளைப்பும் திடீரென்று முற்றுவதற்குப் பெரிதும் காரணமான கிருமி இது. இதனிடம் மீண்டும் வருவோம்.

மூன்றாண்டுகள் கழித்து, 1998 ஜூனில், காசநோய்க் கிருமியின் நூலும் வாசிக்கப்பட்டது. 44 லட்சத்து 11 ஆயிரத்துச் சொச்சம் எழுத்துகள். ஏறத்தாழ 4,000 மரபணுக்கள். வாசிக்கப்பட்டது எந்தக் கிருமி? சாரனாக் ஏரிக்கரையில் 1905-இல் குப்பிக்குள் போன அதே ஹெச்37ஆர்வி.

இங்கே வரிசையாக்கம் நடக்கும் முறையைச் சற்றுச் சொல்லவேண்டும். புதிய கிருமியின் டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாக்கி லட்சக்கணக்கில் வாசிக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு துண்டும் ஏற்கெனவே தெரிந்த மூலப்பிரதியில் எங்கே பொருந்துகிறது என்று தேடி அடுக்குகிறார்கள். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காண்பது போன்ற வேலை. மூலப்பிரதியில் இல்லாத வரி புதிய சுவடியில் இருந்தால் அத்துண்டுக்கு இடம் கிடைக்காது, அது ஒதுக்கப்படும். சிறந்த சுவடி என்று நாம் கையில் வைத்திருப்பதிலேயே ஓர் ஏடு உதிர்ந்திருந்தால், மற்ற சுவடிகளில் உள்ள அந்த ஏடு இடைச்செருகலாகத் தோன்றும். உ.வே.சாமிநாதையரின் பதிப்பு முயற்சிகளை அறிந்த நமக்கு இது புதிய சிக்கல் அல்ல.

உதிர்ந்திருந்தது என்பது 2002-இல் தெரிந்தது. ரோலண்ட் ப்ரோஷும் கூட்டாளிகளும் மாட்டுக் காசநோய்க் கிருமியோடு ஹெச்37ஆர்வியை ஒப்பிட்டபோது, முன்னதில் உள்ள சுமார் 2,000 எழுத்துகள் கொண்ட பகுதியொன்று பின்னதில் இல்லை. அதற்கு ‘டிபிடி1’ என்று பெயரிட்டார்கள். ஐரோப்பா, அமெரிக்கா, சீனா எங்கும் பரவியுள்ள ‘நவீன’ கிளைகள் எல்லாம் அதை இழந்தவை. இழக்காமல் வைத்திருக்கும் பழைய கிளைகளில் ஒன்று கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பிலிப்பைன்ஸ் வரை இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்து வாழ்கிறது. முதலாம் கால்வழி என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். தென்னிந்தியக் கிருமிகளில் மிகுதியானவை இந்தக் கால்வழியைச் சேர்ந்தவை. அதன் பரவலில் கடல்வழிப் போக்குவரத்தின் தடங்களைக் காண்கிற ஆய்வாளர்கள் உண்டு.

2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வுதான் கதையின் இரு முனைகளையும் முடிச்சிட்டது. டிபிடி1 பகுதியை இழந்த கிருமிகளுக்கு அதை மீண்டும் பொருத்தி, என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். அந்தப் பகுதியை இழந்ததால்தான் நவீனக் கிருமிகளுக்கு ஆக்ஸிஜன் சார்ந்த வேதித்தாக்குதலைத் தாங்கும் வலு கூடியது என்றும், ஆய்வு விலங்குகளில் வீரியம் மிகுந்தது என்றும் கண்டார்கள். 1960-இல் சுப்பையாவும் மிட்சிசனும் பெராக்ஸைடு குடுவையில் பார்த்தது இதன் மறுபக்கத்தை. சென்னைக் கிருமி வலுவிழந்த கிருமி அல்ல. அது பழையது. மற்றவை மாறிப்போயின. அறுபது ஆண்டுகள் விளக்கமின்றிக் கிடந்த ஒரு குறிப்புக்கு, வரிசையாக்கம் ஒரு வாக்கியத்தில் உரை எழுதிவிட்டது.

*

இதனால் நோயாளிக்கு என்ன என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான்.

கிருமிகளை ஆள் அடையாளம் காண உலகமெங்கும் பயன்பட்ட ஒரு முறை, ‘ஐஎஸ்6110’ என்ற தாவும் துணுக்கு ஒரு கிருமிக்குள் எத்தனை இடங்களில் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. மேற்கத்தியக் கிருமிகளில் அது பல இடங்களில் இருக்கும். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தார் 1995-இல் தம் நோயாளிகளின் கிருமிகளைப் பார்த்தபோது, பலவற்றில் அத்துணுக்கு ஒன்றே ஒன்றுதான். சிலவற்றில் அறவே இல்லை. அந்தத் துணுக்கை மட்டும் தேடும் சோதனை, இத்தகைய கிருமியைச் சுமந்த நோயாளியைப் பார்த்து ‘உனக்குக் காசநோய் இல்லை’ என்று சொல்லிவிடும். அவர் ஊருக்குத் திரும்பி, ஒரே அறையில் உறங்கும் பிள்ளைகளுக்கு நடுவே இருமிக்கொண்டிருப்பார். மூலப்பிரதியில் உள்ள பிழையின் விலை இதுதான்.

மருந்து எதிர்ப்பிலும் இதே கதை. திருவள்ளூர், மதுரை மாவட்டங்களின் 196 நோயாளிகளிடமிருந்து பெற்ற 223 கிருமிகளின் முழு மரபணுத்தொகையையும் வாசித்து, சென்னை நிறுவனத்தாரும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்டார்கள். அதில் சௌம்யா சுவாமிநாதனும் ஒருவர். மருந்தை எதிர்க்கும் புதிய வழிகள் இங்கே இருக்கக்கூடும் என்பதும், வட்டாரத்துக்கேற்ற சோதனைகள் வேண்டும் என்பதும் அவர்களின் முடிவு. இன்று எந்த மரபணு மாற்றம் எந்த மருந்தை எதிர்க்கும் என்ற அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் வெளியிடுகிறது. 2021-இல் வந்த அதன் முதல் பதிப்புக்கு 38,000-க்கும் மேற்பட்ட கிருமிகள் ஆதாரம். அட்டவணையில் ஓர் ஊரின் கிருமி எவ்வளவு இடம்பெறுகிறதோ, அவ்வளவுதான் அந்த ஊர் நோயாளிக்கு அது உதவும்.

*

சானடோரியம் நடைமேடையில் மூச்சு வாங்கி நின்றவரிடம் திரும்புவோம். அவருக்கு இப்போது காசநோய் இல்லாமலே இருக்கலாம். பத்தாண்டுகளுக்கு முன் ஆறு மாதம் மருந்து தின்று குணமானவராக இருக்கலாம். கிருமி போய்விட்டது, அது அரித்த இடம் போகவில்லை. விரிந்து தளர்ந்த மூச்சுக்குழல்களில் சளி தேங்குகிறது. இந்தியாவில் மூச்சுக்குழல் விரிவு நோயுள்ள 2,195 பேரைப் பற்றி 2019-இல் வெளியான பதிவேட்டாய்வில், 35.5 விழுக்காட்டினருக்கு அதற்கு மூலகாரணம் பழைய காசநோய். காலியான வீட்டில் புதுக் குடித்தனம் வருவதுபோல அங்கே ஹீமோஃபிலஸும் சூடோமோனாஸும் குடியேறுகின்றன. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நோய் முற்றுகிறது. காய்ச்சல், சளி, இளைப்பு. ‘பழைய வியாதி திரும்பிவிட்டது’ என்று வீடு அஞ்சுகிறது. சளியைச் சோதிக்காமலே மறுபடியும் காசநோய் மாத்திரை எழுதப்படுவதும் உண்டு.

இந்த முற்றல் ஏன் வருகிறது என்பதற்கு 2002-இல் சஞ்சய் சேத்தி, திமோத்தி மர்ஃபி ஆகியோர் அமெரிக்காவில் ஒரு விடை கண்டார்கள். நுரையீரல் அடைப்பு நோயாளிகள் 81 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏற்கெனவே தங்கியிருக்கும் கிருமியின் எண்ணிக்கை கூடுவதைவிட, அதே இனத்தில் புதிதாக ஒரு வகை வந்து சேருவதே முற்றலோடு தொடர்புடையது என்று தெரிந்தது. புதிய வகை வந்த வருகைகளில் 33 விழுக்காடு முற்றலாக இருந்தது. வராதவற்றில் 15 விழுக்காடு. நுண்ணோக்கியில் பழையதும் புதியதும் ஒன்றுபோல் தெரியும். வேறுபாட்டைச் சொல்வது மரபணு மட்டுமே. பின்னர் முழு மரபணுத்தொகையையும் வாசித்தவர்கள், ஒரே வகை ஹீமோஃபிலஸ் ஒரே நுரையீரலில் மாதக்கணக்கில் தங்கி, சில மரபணுக்களை விளக்குப் பொத்தானைப்போல் அணைத்தும் ஏற்றியும் தன்னை மாற்றிக்கொள்வதையும் கண்டார்கள்.

எழுபது ஆண்டுகளுக்கு முன் சென்னை தன் நோயாளிகளின் சளியை எடுத்து, வளர்த்து, ஒப்பிட்டு, பாடநூலோடு பொருந்தாததை மறைக்காமல் எழுதியது. பின்வந்த வரிசையாக்கம் விளக்கம் தேடியபோது அந்தக் குறிப்பு அங்கே இருந்தது. காசநோய் விட்டுச்சென்ற நுரையீரல்களில் குடியேறும் கிருமிகளுக்கும் அதே பொறுமையான கணக்கெடுப்பு இங்கே நடக்கவேண்டும். அதுவரை நம் நோயாளிக்கு மருந்து எழுதுபவர், வேறொரு நாட்டின் சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர்ச் சுவடியைப் படிக்கிறவராகவே இருப்பார்.

மின்ரயில் தாம்பரத்துக்குப் புறப்பட்டுவிடுகிறது. உறையை அணைத்தவர் மருத்துவமனையை நோக்கி நடக்கிறார். அவர் துப்பும் சளியில் இன்னும் யாரும் வாசிக்காத ஒரு பாடம் இருக்கக்கூடும்.